கல்லுக்காகத்தான் கத்தினாள்

பானா கலூபா தன் மருமகன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு வருடம் ஓட்டினாள். ஒரே வளவுக்குள் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அப்படி ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். முன்வீட்டில் அவள் இருந்தாள். பின்கட்டு அறையில் மகள் கலூபாவும் மாப்பிள்ளை முகூகாவும் இருந்தார்கள்; பானா கலூபா என்றாலே கலூபாவின் அம்மா என்றுதான் பொருள். காலையில் அவன் குழாயடிக்கு வருமுன் கதவருகில் நின்று இருமுவான், அவள் உள்ளே போய்விடுவாள். அவள் வெளியே வருமுன் வாளியை ஒரு தட்டுத் தட்டுவாள், அவன் பின்வாசல் வழியாக நழுவிவிடுவான். தப்பித்தவறி எதிர்ப்பட்டுவிட்டால் அவள் இடுப்பில் சுற்றிய சித்தெங்கே துணியின் நுனியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் திரும்புவாள். அவன் அப்படியே குந்தி, கைகளைக் குவித்துத் தட்டி, தரையைப் பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த மாமியார் ஒரு ஜோடி பழுப்புச் செருப்புதான். அவளுக்குத் தெரிந்த மருமகன் ஒரு இருமல்.

பெம்பா இனத்தாரிடையே அதுதான் மரியாதை. மாமியாரும் மருமகனும் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசக் கூடாது, பேர் சொல்வது என்ற பேச்சே கிடையாது. பெண்வீட்டார் மனம் குளிர்ந்து, விருந்து சமைத்து, மாப்பிள்ளையை வீட்டுக்குள் அழைக்கும் சடங்கை நடத்திவிட்டால் எல்லாத் தடையும் விலகிவிடும். கித்வே டவுனில் இப்போதெல்லாம் கல்யாணச் செலவோடு செலவாக அதையும் முடித்துவிடுகிறார்கள். பானா கலூபா முடிக்கவில்லை. அவளைப் பெற்றவள்கூட இவ்வளவு ஆசாரம் பார்த்ததில்லை என்று சிம்வெம்வே பேட்டை முழுக்கப் பேச்சு.

காரணம் கேட்டால் மாதத்துக்கு ஒன்று சொல்வாள். மாப்பிள்ளைக்கு முழங்கால் சரியாக மடங்குவதில்லை என்பாள். அவன் வெட்டிப் போட்ட விறகு ஈரம் என்பாள். அவன் இருமல் மரியாதையான இருமலாக இல்லை என்றும் ஒரு மாதம் சொன்னாள். அவன் பேரை அவள் சொல்லக் கூடாதாகையால் "பின்கட்டு" என்றே குறிப்பிடுவாள். பின்கட்டு சாப்பிட்டாச்சா, பின்கட்டுக்குக் காய்ச்சலா என்று கேட்கும்போது புதிதாக வந்தவர்கள் அறைக்குக் காய்ச்சல் வருமா என்று முழிப்பார்கள்.

உண்மைக் காரணம் வேறு. சடங்கு முடிந்துவிட்டால் பெண்டாட்டியை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போக மாப்பிள்ளைக்கு உரிமை வந்துவிடும். முகூகாவுக்கோ சோல்வேசிப் பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்க ஆசை. சோல்வேசி அடுத்த தெரு இல்லை. பானா கலூபாவின் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. சாயங்காலம் பின்கட்டிலிருந்து கலூபா கபென்டாக் கருவாடு வறுக்கிற வாசனை வந்தால்தான் அவளுக்கு அந்த வீடு வீடாகத் தெரியும். அந்த வாசனையை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதை வெளியே சொல்லவும் வெட்கம். ஆகவே ஆசாரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளையோட உக்காந்து டிவி பாக்குறாங்கம்மா" என்று கலூபா அலுத்துக்கொள்வாள்.

"ஊர்ல எல்லாருக்கும் டிவி நல்லா தெரியுது. எனக்குத்தான் அந்த டப்பால ஒண்ணுமே தெரியறதில்லையே" என்று பேச்சை வேறுபக்கம் திருப்பிவிடுவாள்.

இதெல்லாம் வீட்டோடு இருந்தால் வம்பில்லை. அவளுக்கு வேலை சுரங்கக் கல்லூரியின் பாறைச் சோதனை அறையில். பாறையை எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பளுவில், எந்த இடத்தில், எப்படி உடைகிறது என்று பார்க்கும் அறை அது. சின்ன வயதில் டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். இரண்டு விரலால் அவள் அடித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, சோதனை அறையில் பிளாஸ்டர் குழைக்க அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் முதல் கல் வெடித்த சத்தத்தில் வாசல் மாமரம் வரை ஓடிப்போய் நின்றாள். அங்கிருந்து திரும்பி வந்தவள்தான், அப்புறம் அந்த அறையை விட்டு அவளை யாராலும் கிளப்ப முடியவில்லை. நாளடைவில் அறைக்கே பொறுப்பாளியாகிவிட்டாள். கணக்கில் அவளுக்கு அடிக்கடி சறுக்கும், பளுவைக் காட்டும் மானி முள்ளைத் தப்பாகப் படித்துவிட்டு முள்ளைத் திட்டுவாள். ஆனால் கல்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காரச் சொன்னால் அவளை விட்டால் ஆளில்லை.

அந்த அறைக்குத்தான் முகூகாவை வேலைக்குப் போட்டார்கள். அவன் படித்ததும் அதே கல்லூரி, அதே பாடம். சோல்வேசிச் சுரங்கம் ஒன்று ஒரு வேலை அனுப்பியிருந்தது. நிலத்துக்கடியில் சுரங்கக் கூரையைத் தாங்க விட்டுவைத்த பாறைத் தூண்களில் பிறவியிலேயே ஓடும் இடுக்குகள் இருந்தன. பளு ஏற ஏற அந்த இடுக்கின் நுனியிலிருந்து புது விரிசல் எப்போது கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். முழுதாக வெடிக்கிற பளு அவர்களுக்கே தெரியும். விரிசல் கிளம்புகிற அந்த நிமிடம்தான் வேண்டும், அதோடு எந்திரத்தை நிறுத்திக் கல்லை முழுசாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். துளை போட்டு எடுத்த சில கல் உருளைகளைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை அடைத்தாயிற்று, இதற்கு மேல் கல் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சுரங்கத்து இஞ்சினியர் முகூகாவிடம் தனியாக ஒன்று சொல்லியிருந்தார். இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் சோல்வேசியில் அவனுக்கு நாற்காலி தயார்.

பானா கலூபா துறைத்தலைவரிடம் போய் நின்றாள். மருமகனோடு ஒரே அறையில் எப்படி என்று கேட்டாள். அவரும் ஒரு மருமகன்தான், பயந்த மனுஷன். அது உங்கள் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டுக் கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் வீட்டிலிருந்து பெரிய சித்தெங்கே துணி ஒன்றைக் கொண்டுவந்து எந்திரத்துக்குக் குறுக்கே தொங்கவிட்டாள். துணி முழுக்க மஞ்சள் மீன்கள். மீனுக்கு இந்தப் பக்கம் கல்லும் பூதக்கண்ணாடியும் அவளும். அந்தப் பக்கம் கைப் பம்பும் மானியும் முகூகாவும். மின்சாரம் எப்போது வரும் போகும் என்று யாருக்கும் தெரியாததால் மோட்டாரை நம்புவதை எப்போதோ விட்டிருந்தார்கள், கையால் நெம்பித்தான் பளு ஏற்ற வேண்டும். நடுவில் துணியோரமாக ஒரு முக்காலி போட்டு ஜெரேயை உட்காரவைத்தார்கள்.

ஜெரே பக்கத்து ஸ்டோர்காரன், இங்கோனி இனத்தான். பெம்பாவுக்கும் இங்கோனிக்கும் கேலி முறை. ஒரு காலத்தில் அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் பிறகு மச்சான் முறை வைத்துக்கொண்டன. எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜெரே அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"குரங்குதின்னி மச்சினி, சொல்லு, என்ன சேதி மருமகனுக்கு?" என்பான்.

"எலிதின்னிக்கு வாய் நீளம். பம்பை ஆரம்பிக்கச் சொல்லு" என்பாள் அவள்.

ஜெரே துணிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டி, "உங்க மாமியார் ரொம்ப அன்போட சொல்றாங்க, ஆரம்பிக்கலாமாம்" என்பான். அன்பு என்ற சொல் அவன் சேர்த்தது.

முதல் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி, விளக்கைச் சாய்த்து வைத்து, பூதக்கண்ணாடியோடு அவள் குனிந்தாள். வெள்ளைப் பூச்சில் விரிசல் கறுப்பாகத் தெரியும். பம்பு ஏறியது. பழைய இடுக்கு முதலில் இறுக்கி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் நுனியில் ஒரு மயிரிழை தலைகாட்டியது. நிறுத்தச் சொல்லு என்றாள். ஜெரே வாயில் நிலக்கடலை. அதை மென்று விழுங்கி, தொண்டையைச் செருமி, "உங்க மாமியார்" என்று ஆரம்பிப்பதற்குள் கல் வெடித்துத் தடுப்பில் போய் மோதியது.

ஜெரேயின் கடலையைப் பிடுங்கி வைத்துவிட்டு இரண்டாவது கல்லைப் பார்த்தார்கள். அதுவும் போயிற்று. இந்த முறை ஜெரே தாமதிக்கவில்லை, அவள்தான் வாயைத் திறந்ததும் நேராக விஷயத்துக்கு வராமல், மருமகனுக்குப் போகிற சேதியாயிற்றே என்று மரியாதைச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுருக்கமாகப் பேச வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு மூன்றாவதைப் போட்டார்கள். மயிரிழை தெரிந்ததும் நிறுத்து என்று ஒரே சொல்தான் சொன்னாள். கல் அந்தக் கணமே படீரென்று போனது. முன்னதைவிட வேகமாகப் போனது.

பானா கலூபாவுக்குக் கல் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சோல்வேசிக் கல்லுக்குக் குணம் சரியில்லை என்றாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள். கடைசியில் ஜெரேதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் துணியின் இரண்டு பக்கமும் பார்க்கிறவன்.

"கல்லைத் திட்டாதே மச்சினி. உன் குரலு கேட்ட உடனே உன் மருமகன் குந்துறான். கையில பம்புக் கைப்பிடியோட குந்துறான். உடம்பு பாரம் மொத்தமும் அதுல போய் இறங்குது. நீ நிறுத்துன்னு சொன்னா ஒரு பெரிய நெம்பு எக்ஸ்ட்ரா. உங்க மரியாதையே கல்லை உடைக்குது."

துணிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. முகூகாவுக்கு அது தெரியவே தெரியாது. முழங்கால் தானாக மடங்கியிருக்கிறது. அவன் முழங்கால் சரியாக மடங்குவதில்லை என்று ஒரு மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு உருளை. அதற்கு ஜெரே புது ஏற்பாடு சொன்னான். அவள் வாயே திறக்க வேண்டாம், சைகை காட்டட்டும், தான் போய் முகூகாவின் தோளைத் தட்டுகிறேன் என்றான். மறுநாள் மத்தியானம் சுரங்கத்து இஞ்சினியர் வருவதாகத் தகவல். காலையிலேயே முடித்துவிடலாம் என்று இருந்தார்கள். விடிந்தால் சிம்வெம்வேயில் ஒரு பெம்பாக் கிழவர் செத்துப்போயிருந்தார். பெம்பா சாவுக்கு இங்கோனி மச்சான் போகாமல் முடியாது. போய்க் குழி வெட்ட வேண்டும், பிணத்தைக் கேலி பண்ண வேண்டும், அழுகிறவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும். ஜெரே சாவுச் சட்டையோடு சோதனை அறைக்குள் எட்டிப் பார்த்தான். விடுமுறையாகையால் மாணவர் யாரும் இல்லை. துறைத்தலைவரைக் கேட்டதற்கு மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் நிற்கிற வயது தனக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜெரே ஒரு நூலை எடுத்தான். ஒரு முனையை பானா கலூபாவின் மணிக்கட்டில் கட்டினான். துணிக்கு அடியில் விட்டு மறுமுனையை முகூகாவின் சட்டைக் கைப் பொத்தானில் முடிந்தான்.

"வெடுக்குனு ஒரு இழுப்பு. அவ்வளவுதான். பொண்டாட்டியோட கட்டிவச்சது போதலன்னு இப்போ மாமியாரோடயும் கட்டிவிட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சாவுக்குப் போனான்.

பம்பு ஏறியது. அவன் ஒரு நெம்பு போட்டு, கொஞ்சம் விட்டு, அடுத்த நெம்பு போட்டான். நிதானமாகத்தான் செய்தான், அதில் அவளுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. உருளையின் குறுக்கே சாய்வாக ஓடிய இடுக்கு மெல்ல மூடிக்கொண்டது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இடுக்கின் மேல் நுனியில் சுண்ணாம்பு லேசாகச் சிலிர்த்த மாதிரி இருந்தது. பிறகு கறுப்பாக ஒரு இழை. அது இடுக்கு போகிற திசையில் போகவில்லை. அங்கிருந்து திரும்பி, வளைந்து, பளு வருகிற பக்கமாக மேலே ஏறியது. கீழ் நுனியிலும் ஒன்று கிளம்பி எதிர்ப்பக்கமாக இறங்கியது. இவ்வளவு அழகாக ஒரு விரிசல் கிளம்பி அவள் பார்த்ததே இல்லை.

நூலை வெடுக்கென்று இழுத்தாள். நூல் சுலபமாக வந்தது, ரொம்பச் சுலபமாக. துணிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தான் தரையில் உருண்டு வந்து அவள் செருப்பில் முட்டி நின்றது.

அந்தப் பக்கம் அடுத்த நெம்பு விழுந்தது. இழை நீண்டது.

பானா கலூபா பொத்தானைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. அதை மறைக்க அவளே பிறகு எவ்வளவோ பாடுபட்டாள், ஆனால் தோன்றியது தோன்றியதுதான். சும்மா இருந்துவிட்டால் போதும். ஆசாரமே சும்மா இரு என்றுதான் சொல்கிறது. நாளைக்கு யாரும் அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு நெம்பில் கல் போய்விடும். மத்தியானம் வருகிற இஞ்சினியர் வெறுங்கையோடு போவார். நாற்காலி போகும், சோல்வேசி போகும். கலூபா பின்கட்டிலேயே இருப்பாள். சாயங்காலம் கருவாடு வறுப்பாள்.

மரியாதையாகப் பேசினாலும் அதே கதிதான். அவள் குரல் கேட்டால் அவன் குந்துவான், குந்தினால் கல் வெடிக்கும்.

இழை உருளையின் பாதி உயரத்தைத் தாண்டியது.

"முகூகா, கையை எடு!"

அறை அதிர்ந்தது. கல்லால் இல்லை, அவள் குரலால். துணிக்கு அந்தப் பக்கம் பம்புக் கைப்பிடி விடுபட்டுத் தானாக மேலே எழும்பிய சத்தமும், ஒரு ஆள் தொப்பென்று தரையில் உட்கார்ந்த சத்தமும் கேட்டன. மாமியார் வாயால் தன் பேரைக் கேட்டவன் குந்த மறந்து, பிடித்திருந்ததையும் விட்டு, உட்கார்ந்துவிட்டான். கல் நின்றது. இழை நின்றது.

பானா கலூபா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, என்னையா கூப்பிட்டீங்க?" என்று மீன் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு வருடத்தில் இருமலைத் தவிர அவனிடமிருந்து அவள் கேட்ட முதல் பேச்சு அது.

"இல்ல. கல்லைக் கூப்பிட்டேன்."

"கல்லுக்கு என் பேரா?"

மானி முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டாள். அவன் எழுந்து படித்துச் சொன்னான். சரியாகவே படித்தான்.

மத்தியானம் இஞ்சினியர் வந்து உருளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு நுனியிலும் முளைத்த விரிசலோடு கல் முழுசாக நின்றது. அவர் முகூகாவின் கையைக் குலுக்கியபோது பானா கலூபா மீன் துணிக்குப் பின்னால் பிளாஸ்டர் சாக்கைக் காரணமில்லாமல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் பேர் சொன்ன கதை சாவு வீட்டுக்கு எப்படிப் போனது என்று கேட்கவே வேண்டாம். ஜெரே அங்கே செத்தவரை விட்டுவிட்டு இதைத்தான் நடித்துக் காட்டினானாம். சாயங்காலம் கலூபாவின் தாய்மாமன் கபாசோ வந்து முன்வீட்டில் உட்கார்ந்தார். பெம்பா வீட்டில் தாய்மாமன் உட்கார்ந்தால் சும்மா உட்காருவதில்லை.

"பேரைச் சொன்னியா இல்லையா?" என்றார்.

எந்திரம் ஓடுகிற இடத்தில் நடந்தது கணக்கில் வராது என்று அவள் வாதாடினாள். கல்லுக்காகத்தான் கத்தினேன், வேறு எதற்கும் இல்லை என்றாள். பேர் சொன்னால் பையன் பயந்து கையை விடுவான் என்று முன்பே கணக்குப் போட்டுத்தான் சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கணக்கை அவள் வீட்டுக்கு வருகிற வழியில்தான் போட்டிருந்தாள்.

கபாசோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "வேலியைத் தாண்டினது நீ. அந்தப் பையன் தாண்டல. இனிமே அவனை வெளிய நிக்கவைக்க உனக்கு என்ன நியாயம் இருக்கு? ஒரு கோழி அபராதம். அதையே சமைச்சுப் போட்டு அவனை உள்ள கூப்பிடு."

அவள் தலையைக் குனிந்தபடி, கோழி ஒன்று போதுமா என்று மட்டும் கேட்டாள்.

சடங்கன்று அவள் முழுக்கோழி சமைத்தாள், உப்வாலிக் களி கிண்டினாள், நிலக்கடலை போட்ட கீரை, வறுத்த புழு என்று ஒன்றும் விடவில்லை. சமைக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள், புகை என்றாள். முகூகாவைக் கூட்டிவந்து பாயில் உட்காரவைத்தார்கள். அவள் களியில் ஒரு உருண்டை பிடித்து அவன் வாயில் ஊட்டினாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் வாயிலிருந்த களியை மெல்வதையே மறந்துபோனான்.

"அம்மா, நீங்க இவ்வளவு சின்ன ஆளா? அந்தக் குரலுக்கு நான் ரொம்பப் பெருசா நினைச்சு வச்சிருந்தேன்."

ஜெரே அழையாத விருந்தாளியாக மூலையில் உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டு, குரங்கு தின்கிறவர்கள் அப்படித்தான் குட்டையாவார்கள் என்றான். பானா கலூபாவும் சிரித்துவிட்டாள்.

சோல்வேசி பஸ் புறப்படுகிற நாளில் பஸ் நிலையம் வரை அவளும் போனாள். மூட்டைகள் மேலே ஏறிவிட்டன. கலூபா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முகூகா கீழே நின்று, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் குந்தப் போனான். பானா கலூபா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். சட்டைக் கை இன்னும் பொத்தானில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குள்ளிருந்து அந்த வெள்ளைப் பொத்தானையும் ஊசிநூலையும் எடுத்தாள்.

நடைமேடையிலேயே நின்று தைக்க ஆரம்பித்தாள். ஒரு பொத்தானுக்கு எவ்வளவு தையல் வேண்டும்? அவ்வளவும் போட்டாயிற்று. அவள் விடவில்லை. ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். முகூகா பஸ்ஸையும் பொத்தானையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இன்னும் எத்தனை தையல்மா?"

"நான் நிறுத்தறேன்னு சொல்ற வரைக்கும் கையை எடுக்காதே" என்றாள் பானா கலூபா.

அவன் எடுக்கவில்லை. டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.